ஸ்பானிஷில் எஃப் வந்தால்: யூ.சி.க்கு மாறுபவர்கள் முன் உள்ள வழிகள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடக் கல்லூரி) முடித்து யூ.சி.க்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாற நினைப்பவர்களின் காலைப் பல சமயம் வாரிவிடுவது ஸ்பானிஷ் 1 மாதிரியான மொழிப் பாடம்தான். பெரும்பாலும் 4, 5 யூனிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு) பாடம் என்பதால் அடியும் பலமாக விழும். 55 யூனிட்டில் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) 3.4 வைத்திருப்பவருக்கு 5 யூனிட் ஸ்பானிஷில் எஃப், அதாவது ஃபெயில், வந்தால் அது 3.12க்கு இறங்கிவிடும்.

இதில் சேதம் இரண்டு: எண் குறைகிறது, யூ.சி.யின் சில துறைகள் கேட்கும் மொழித் தகுதியும் (ஆங்கிலம் அல்லாத மொழியைப் படித்திருப்பது) நிறைவேறாமல் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான வழியில் போகிறார்கள்.

செமஸ்டர் இன்னும் முடியவில்லை என்றால் பாடத்தை விட்டு விலகி, கிரேடுக்குப் பதில் டபிள்யூ என்ற குறி வாங்கலாம். பருவத்தின் 75 சதவீதம் வரை கல்லூரிகள் இதை அனுமதிக்கலாம். சரியான தேதி அந்தந்தக் கல்லூரியின் காலண்டரில் இருக்கும். ஜி.பி.ஏ. 3.4லேயே நிற்கும், மொழித் தகுதி மட்டும் பாக்கி. தேறவே முடியாது என்று தெரிந்த பிறகு, பிடிவாதமாக உட்கார்ந்து எஃப் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். பாஸ்/நோ பாஸ் முறைக்கு மாறுவதிலும் எண் தப்பிக்கும். ஆனால் பாஸ் வாங்கவே சி தேவை. எஃப் வரும் நிலையில் இருப்பவருக்கு இது பெரிய உதவி இல்லை.

எஃப்-1 விசாவில் வந்தவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். டபிள்யூவால் 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலையே சிக்கலாகும். பாடத்தை விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நிதியுதவி வாங்குபவர்களுக்கும் ஒரு கவனம்: டபிள்யூ, எடுத்து முடிக்காத யூனிட்டாகவே கணக்கில் வரும்.

எஃப் விழுந்தே விட்டதா? அப்படியென்றால் போட்டி, மறுபடி படிப்பதற்கும் அகாடமிக் ரின்யூவலுக்கும் இடையில். ரின்யூவலில் கல்லூரி பழைய கிரேடை ஜி.பி.ஏ. கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்கும். யூ.சி.யும் அதை ஏற்கும். ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் எஃப் தெரியும், விண்ணப்பத்திலும் காட்டியாக வேண்டும், மொழித் தகுதி காலியாகவே இருக்கும். காத்திருப்புக் காலம், அதற்குப் பிறகு எடுத்திருக்க வேண்டிய கிரேடு என்று கல்லூரிக்குக் கல்லூரி நிபந்தனை மாறும்.

மறுபடி படித்து பி வாங்கினால் ஜி.பி.ஏ. 3.37 ஆகிறது, தகுதியும் கிடைக்கிறது. கலிஃபோர்னியா வாசிகளுக்கு யூனிட் 46 டாலர் என்றால் செலவு 230 டாலர்தான். எனக்கு இதுதான் முதல் தேர்வு. அந்த மொழி உண்மையிலேயே தேவைப்படாதவருக்கு மட்டும் ரின்யூவலைச் சொல்வேன்.

இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் நம் பிள்ளைகளில் சிலருக்கு நேராகப் பொருந்தும். யூ.சி.யின் மொழித் தகுதியை ஐஜெட்சி (2025 இலையுதிர்காலத்துக்கு முன் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களுக்கான பொதுப்பாடத் திட்டம்) வழியில் காட்டும்போது, ஆறாம் வகுப்பு அளவிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் ஆங்கிலம் அல்லாத பயிற்றுமொழியில் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்றொரு வழி உண்டு. தமிழ்வழியில் எட்டாவது வரை படித்துவிட்டு அமெரிக்கா வந்த பிள்ளை ஸ்பானிஷ் எடுத்து அல்லாட வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தது இதில் சேராது. பழைய மதிப்பெண் பட்டியலோடு கவுன்சிலரைப் பாருங்கள். போகப்போகும் துறைக்கு மொழி வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். யூ.சி.எல்.ஏ.வில் கலை, அறிவியல் கல்லூரிக்கு மொழி வேண்டும், பொறியியலுக்கு வேண்டாம்.

அட்மிஷன் கிடைத்த பிறகு கடைசி ஸ்பிரிங்கில் எஃப் வந்தால்தான் நிஜமான நெருக்கடி. அந்த அட்மிஷன் நிபந்தனையோடு தரப்பட்டது. எஃப் வந்ததை மறைப்பதா, சொல்வதா என்று யோசிக்கவே கூடாது. டிரான்ஸ்கிரிப்ட் எப்படியும் போய்ச் சேரும், மறைத்தது தெரிந்தால் இடமே ரத்தாகலாம். கிரேடு வந்த அன்றே அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள்: என்ன நடந்தது, எங்கே மறுபடி எடுக்கிறீர்கள், எப்போது முடியும், அவ்வளவுதான். சம்மரில் முடிப்பதை எல்லா வளாகமும் ஏற்காது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.