கடற்படைக்குப் போகும் பிள்ளைகளுக்கான வார இறுதி வகுப்பு: ஒரு மதிப்பீடு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, சாலையோரப் பழைய அரிசி ஆலைக் கிடங்கு ஒன்றில், ஓய்வுபெற்ற கடற்படையினர் மூவர் சனி, ஞாயிறு இரு நாட்களும் ஓர் அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள். கடற்படைக்குத் தேர்வாகி, ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா பயிற்சித் தளத்துக்குப் புறப்படக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கானது இது. கோச்சிங் சென்டர் அல்ல என்பதால் மாதிரி வினாத்தாளோ ஓட்டப் பயிற்சியோ கிடையாது. பயிற்சி முடிந்து கப்பலில் ஏறிய பின் என்ன நடக்கும் என்பதை மட்டுமே சொல்லித்தருவதாகத் துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய். சாப்பாடும் தேநீரும் அதில் அடக்கம். அக்காள் மகனைச் சேர்த்துவிட்ட நான், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதைச் சொல்லி அனுமதி கேட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து முழுவதையும் கவனித்தேன். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத வகுப்புதான். ஆனால் கடற்பணியின் பெரும்பகுதி காத்திருப்பதும் துடைப்பதும் முறைவைத்து விழித்திருப்பதும்தான் என்பதை ஒரு பொழுது உணர்த்திவிட்டு, அடுத்த பொழுதே அதை மறக்கடிக்கிற முரண் அதில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கிடங்கின் ஒரு மூலையில் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து மூன்றடுக்குப் பங்க் (படுக்கை) ஒன்று அமைத்திருக்கிறார்கள். அளவை எங்கிருந்து எடுத்தார்களோ தெரியாது, மாலுமிகள் உண்டு உறங்கும் மெஸ்டெக்கில் படுத்து எழுந்த எனக்கு அது அச்சு அசலாகத் தெரிந்தது. நடு அடுக்கில் படுப்பவன் முழங்கையை ஊன்றி எழுந்தால் மேல் அடுக்கின் தகரம் தலையில் இடிக்கும். புரண்டு படுப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறிய லாக்கருக்குள் சீருடை, காலணி, சோப்பு, துண்டு எல்லாம் அடங்க வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்திருந்த பைகளை அங்கேயே பிரிக்கச் சொல்லி, எது உள்ளே போகிறது, எது வெளியே நிற்கிறது என்று அவர்களையே பார்க்க வைத்தார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒருவனின் அம்மா கட்டிக் கொடுத்திருந்த முறுக்கு டப்பா கடைசிவரை வெளியேதான் நின்றது. "தம்பி, இதை மெஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்துவிடு, முதல் நாளே நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள்" என்றார் பயிற்சி நடத்தியவர். அந்த அறிவுரை அனுபவத்தில் வந்தது.

தண்ணீர் பற்றிய பகுதியும் அப்படியே. கப்பல் தனக்கு வேண்டிய நன்னீரைக் கடல்நீரிலிருந்தே தயாரித்துக்கொள்கிறது; அந்த எந்திரம் மக்கர் செய்தால் முதலில் கைவைக்கப்படுவது குளியலில்தான். வாய்க்காலில் குதித்து ஊறிக் கிடந்து வளர்ந்த டெல்டாப் பிள்ளைகளிடம் ஓர் அரைவாளித் தண்ணீரைக் கொடுத்து, இதில் குளித்து முடி என்றபோது எழுந்த சிரிப்பு, வாளி காலியானபோது அடங்கிவிட்டது.

வகுப்பின் உச்சம் என்றால் சனிக்கிழமை இரவுதான். கப்பலின் ஒரு நாள் நான்கு நான்கு மணி நேர வாட்ச்களாக, அதாவது காவல் முறைகளாக, பிரிக்கப்படுகிறது. மாலை 4 முதல் 8 வரையிலான வாட்ச் மட்டும் டாக் வாட்ச் என்ற பெயரில் இரண்டிரண்டு மணி நேரமாக உடைபடும். இதனால் ஒரு நாளில் ஆறுக்குப் பதிலாக ஏழு வாட்ச் வருவதால், முறை நாள்தோறும் நகர்ந்து, நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் ஒரே ஆளின் தலையில் தினமும் விழாமல் போகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதோடு விடாமல், தங்கியிருந்த பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து முற்றத்தில் உண்மையாகவே காவல் நிறுத்தினார்கள். சாலையில் வரும் வண்டிகளை, கப்பலின் முன்நோக்கும் திசையை நடுவாகக் கொண்டு, இடப்பக்கம் என்றால் சிவப்பு, வலப்பக்கம் என்றால் பச்சை என்று கோண அளவோடு சொல்ல வேண்டும். "சிவப்பு 45, ஒரு விளக்கு" என்று நெல் லாரியின் முகப்பு விளக்கை என் மருமகன் உரக்க அறிவித்தபோது அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் விழித்துக்கொண்டன. அரைமணிக்கு ஒருமுறை காற்றின் திசையை நோட்டில் எழுத வேண்டும். பேசலாம், ஆனால் உட்காரக் கூடாது. நான்கு மணிக்கு முறை மாறிப் படுத்தவர்களையும் ஆறு மணிக்கு எழுப்பி, கிடங்கைக் கூட்டித் துடைக்க விட்டார்கள். இரவு விழித்தவனுக்குக் காலை வேலையில் சலுகை கிடையாது என்பதுதான் கப்பலின் வழக்கம். பொங்கல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று பேர் தூங்கிப்போனார்கள். இந்த ஓர் இரவுக்காகவே 1,500 ரூபாய் கொடுக்கலாம்.

இத்தனை பொறுப்பாக நடத்தியவர்களேதான் ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தைக் காணொளிகளில் கரைத்தார்கள். தொடக்கம் வழக்கம்போல 1025-ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பு. டெல்டாவில் கடற்படை பற்றிப் பேச எழும் எவருக்கும் இராஜேந்திர சோழனைத் தொடாமல் மேடையிறங்கத் தெரியாது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா, எம்.வி. ரூவென் என்ற சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையரிடமிருந்து மீட்ட நிகழ்வு. சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் 35 கொள்ளையர் சரணடைந்ததும், 17 மாலுமிகள் காயமின்றி மீட்கப்பட்டதும், விமானத்திலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்ததும் யாரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். ஆனால் 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் நமது போர்க்கப்பல்கள் ஒன்று மாற்றி ஒன்று ரோந்து சுற்றிவருகின்றன. அத்தனை ஆண்டுகளில் அங்கே போய்வந்த பல்லாயிரம் மாலுமிகளில் பெரும்பாலோர் கண்டது வெறும் நீரையும் ரேடார் திரையையும்தான். இதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லியிருக்க வேண்டும்.

செயிலிங் (கப்பல் கடலுக்குப் போவது) என்றால் வெளிநாட்டுத் துறைமுகம் என்று பிள்ளைகள் நினைப்பதையும் யாரும் திருத்தவில்லை. எரிபொருள் தீர்ந்தால் கரைக்குப் போயாக வேண்டும் என்பதில்லை. டேங்கர் கப்பல் பக்கவாட்டில் இணையாக ஓடிவர, கம்பி வடத்தில் குழாயைத் தொங்கவிட்டு, ஓட்டத்திலேயே எண்ணெய் ஏற்றிக்கொள்வார்கள். அதனால் வாரக்கணக்கில் தரையே காணாமல் இருக்க நேரலாம். திரும்பும் தேதி ஒன்று சொல்லப்பட்டு, அது தள்ளிப்போய், மீண்டும் தள்ளிப்போவதும் உண்டு. தங்கையின் திருமணத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடல் மயக்கம் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று தவறு என்றே கருதுகிறேன். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டால் வாந்தி வராது என்றார் ஒருவர். காலி வயிறு நிலைமையை மோசமாக்கும். காய்ந்த ரொட்டி, பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரையும் விடக் கூடாது. கண் பார்ப்பதற்கும் உட்காது உணர்வதற்கும் ஒத்துப்போகாததே இந்த மயக்கத்தின் காரணம் என்பதால், மேல்தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்ப்பது உதவும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் ஆட்டம் குறைவு. மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவ உதவியாளரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அது தூக்கம் வரவழைக்கக்கூடும் என்பதால் வாட்ச் பொறுப்பாளரிடம் சொல்லிவைப்பதும் அவசியம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடம்பு பழகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மீனவ வீட்டுப் பிள்ளைகள் தமக்கு இது வராது என்று சிரித்தார்கள். ஃபைபர் படகின் குலுக்கல் வேறு, பெரிய கப்பல் மெதுவாகச் சாய்ந்து நிமிர்வது வேறு என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பருவகாலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்றுதான் நம்மூரில் மனத்தில் பதிந்திருக்கிறது. 2018 நவம்பரின் கஜாவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் மும்பையில் கப்பல் கிடைப்பவனுக்குச் சோதனைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குடகு மலையில் கொட்டி, காவிரியில் வெள்ளம் வரவழைத்து, மேட்டூரை நிரப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அரபிக்கடலைப் புரட்டிப்போடுகிறது. ஜூன் 12-இல் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருகிறதா என்று அப்பா கவலைப்படும் நாட்களில், மகன் மெஸ்டெக்கில் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக இந்த விஷயத்தை விளக்க வழியில்லை.

துறைமுக வாழ்க்கையையும் ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவனின் பெரும்பகுதி நாட்கள் கப்பல் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்போதே கழியும். துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது, பெயின்ட் அடிப்பது, அரிசி மூட்டையும் காய்கறியும் கைமாற்றி ஏற்றுவது, கப்பலுக்கு ஏறும் படிப்பாலமான கேங்வேயில் காவல் நிற்பது, இவற்றுக்கிடையில் தீயணைப்புப் பயிற்சி. நடுக்கடலில் கப்பலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வெளியிலிருந்து வராது என்பதால் சமையல்காரர் உட்பட ஒவ்வொருவரும் குழாய் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தி தெரியாமல் போகிறவனுக்கு முதல் மாதங்களில் நேரும் திணறலையும் தொடவில்லை. வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். 2022-இல், நான்கு ஆண்டுப் பணிக்கு ஆளெடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்த பிறகே பெண்கள் மாலுமிகளாகச் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு விடை சொல்ல ஒரு பெண் பயிற்சியாளரையாவது அழைத்திருக்கலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே தொடர்ந்து பணியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதையும், முதலாண்டில் 30,000 ரூபாய் ஊதியத்தில் 21,000 மட்டுமே கைக்கு வரும், மீதி, பணி முடியும்போது கிடைக்கும் சேவா நிதிக்குப் போகும் என்பதையும் நேர்மையாக எழுதிக் காட்டியது பாராட்டுக்குரியது.

ஞாயிறு மாலை பெற்றோருக்கான ஒரு மணி நேரம் இருந்தது. மகனிடமிருந்து அழைப்பு வராத நாட்களில் பதறக் கூடாது, கரையை விட்டு நகர்ந்ததும் சிக்னல் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார்கள். கப்பலின் பெயரையும் புறப்படும் நாளையும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்பதற்கு, 2019 டிசம்பரில் தகவல் கசிவு வழக்கில் மாலுமிகள் சிலர் கைதான பின் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கே கடற்படை தடை விதித்ததை எடுத்துச்சொன்னார்கள். "என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குக்கூடத் தெரியக் கூடாதா?" என்று என் அக்காள் கேட்டாள். "தெரியாமல் இருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு, அக்கா" என்று பதில் வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பேருந்தில் திரும்பும் வழியிலேயே தன் ஸ்டேட்டஸில் இருந்த பயிற்சிக்கான அழைப்புக் கடிதப் படத்தை நீக்கிவிட்டாள்.

இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்ததால், தொலைதூரப் பேருந்தைப் பிடிக்கப் பாதிப் பெற்றோர் எழுந்து போய்விட்டார்கள். சனிக்கிழமை காலைக்கே இதை மாற்றும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சேர நினைப்பவர்கள் இரவு தங்கும் ஏற்பாட்டோடு பதிவு செய்யுங்கள். பகலுக்கு மட்டும் வந்துபோனால் காணொளிதான் மிஞ்சும். கிடங்கில் மின்விசிறி போதாது, கொசு உண்டு, சாப்பாடு நன்றாகவே இருந்தது.