முகவரி சரியில்லை என்று மெசேஜ் வந்தால் அந்த லிங்கைத் தொடாதீர்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் சேமிப்புக் கணக்கிலிருந்து 44,989 ரூபாய் போய்விட்டது. முதலில் 19,999, ஆறு நிமிஷம் கழித்து 24,990. இரண்டுக்கும் ஓடிபி போட்டது நானேதான். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அந்த மெசேஜ் நம் ஊர்க்காரர்களிடம் ஏன் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது சத்துவாச்சாரியில். அம்மா ஆற்காட்டில் தனியாக இருக்கிறார். காலில் நரம்பு சுருண்டு வீங்குகிறது. டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறையை ஆன்லைனில் வாங்கி, அம்மா வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். சொன்ன தேதி தாண்டி இரண்டு நாள் ஆகியும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மெசேஜ் வந்தது. ‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கொண்டுவந்தும் முகவரி முழுமையாக இல்லாததால் கொடுக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. தபால் துறையின் பெயர் போட்டு, கீழே ஒரு லிங்க்.

‘முகவரி சரியில்லை’ என்றதுமே நம்பிவிட்டேன். ஏன் என்றால் எங்கள் ஊர் முகவரியில் எப்போதுமே குழப்பம் உண்டு. 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. அம்மாவின் ரேஷன் கார்டில் ஒரு மாவட்டம், பேங்க் பாஸ்புக்கில் ஒரு மாவட்டம். பெரியப்பா இன்றைக்கும் கடிதத்தில் ‘வ.ஆ. மாவட்டம்’ என்றுதான் எழுதுவார். கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு. நான் ஆர்டர் போடும்போது பழக்க தோஷத்தில் வேலூர் மாவட்டம் என்று போட்டிருந்தேன். அதனால்தான் பார்சல் நின்றிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அனுப்பியவனுக்கு என் பெயரும் தெரியாது, காலுறையும் தெரியாது, ஆற்காடும் தெரியாது. ஆயிரம் பேருக்கு ஒரே வரியை அனுப்பினால், அதில் பார்சலுக்குக் காத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேராவது இருப்பார்கள். மீதிக் கதையை நாமே சேர்த்துக்கொள்கிறோம்.

லிங்கைத் தொட்டதும் வந்த பக்கம் அச்சு அசலாக இருந்தது. சிவப்பும் மஞ்சளும், தபால் துறைச் சின்னம், நடுவில் ஒரு பார்சல் எண். அந்த எண்ணை என் ஆர்டரில் இருந்த எண்ணோடு ஒருதரம் ஒத்துப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லை. பெயர், முகவரி, பின்கோடு கேட்டது, கொடுத்தேன். மறுபடி கொண்டுவர 25 ரூபாய் என்றது. 25 ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? டெபிட் கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் போட்டேன்.

ஓடிபி எஸ்எம்எஸ் வந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் 19,999 ரூபாய் என்று தெளிவாக இருக்கிறது, எந்தக் கடைக்கு என்ற பெயரும் இருக்கிறது. அன்றைக்கு நான் அந்த எஸ்எம்எஸ்ஸைத் திறக்கவே இல்லை. கீபோர்டுக்கு மேலேயே ஆறு எண்கள் வந்து நின்றன, விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பக்கத்தில் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. ‘ஓடிபி தவறு, மறுபடி முயலவும்’ என்று வந்தது. அடுத்த ஓடிபியையும் அதே மாதிரி தட்டினேன். அது 24,990-க்கு.

பேங்க் எஸ்எம்எஸ் இரண்டும் வந்த பிறகு கை நடுங்கியதே தவிர, யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம். நாலு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். சாயந்திரம் என் தம்பி வந்து, போனைப் பிடுங்கி, கார்டை பிளாக் பண்ணிவிட்டு 1930-க்கு அடித்தான். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ அங்கிருந்து வெளியே போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க முடியும். என் விஷயத்தில் இரண்டாவது தொகை அப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது. முதல் தொகை அதற்குள் கைமாறிப் போய்விட்டது. முதல் பத்து நிமிஷத்திலேயே கூப்பிட்டிருந்தால் அதுவும் நின்றிருக்கலாம் என்பதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை.

பேங்க் கிளையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மறுநாள் எழுதிக்கொண்டு போன கடிதத்தை வாங்கவே மறுத்தார்கள். ‘ஓடிபி நீங்கதான் போட்டிருக்கீங்க, நாங்க என்னம்மா பண்றது’ என்று கேட்டார்கள். உங்களிடம் இப்படிச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது அவர் தலையில்தான். ஆனால் பேங்குக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு பேங்கே பொறுப்பு. அதனால் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நகலில் தேதி, நேரம், முத்திரை வாங்கும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தபால்காரர் வந்தார். பல வருஷமாக அந்தத் தெருவுக்கு வருகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இன்னாம்மா இது, பின்கோடு கரெக்ட்டா கீது. அப்புறம் எங்கம்மா நிக்கப் போவுது? வேலூர்னு போட்டாலும் வரும், ராணிப்பேட்டைன்னு போட்டாலும் வரும். ஆளு இல்லன்னா நாங்க சீட்டு வெச்சுட்டுப் போவோம். லிங்க்கெல்லாம் யாரு அனுப்பறாங்க?” என்றார். அம்மா என்னைப் பார்த்து, “ஒரு போன் போட்டிருந்தா நானே இவரைக் கேட்டிருப்பேனே” என்றார். காலுறை ஏற்கெனவே திங்கட்கிழமையே வந்து, அம்மா அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார். வேறு ஒரு கூரியர் ஆள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மெசேஜ் எனக்கு வந்ததே அதற்கு அடுத்த நாள்தான்.

இந்த முகவரி மெசேஜ் போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் முன்பே அறிவித்திருக்கிறது. தபால் துறை முகவரியைச் சரிசெய்யச் சொல்லி லிங்க் அனுப்புவதில்லை. ஸ்பீட் போஸ்ட் எண் என்றால் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ, என் என்று மொத்தம் 13 இருக்கும். அதை இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நாமே டைப் செய்து பார்க்கலாம். எனக்கு வந்த லிங்கிலும் இந்தியாபோஸ்ட் மாதிரி எழுத்துகள் இருந்தன, முடிவில் மட்டும் ‘ஜிஓவி டாட் இன்’ இல்லாமல் ‘டாப்’ என்று இருந்தது. அனுப்பியது சாதாரண பத்து இலக்க மொபைல் எண். கம்பெனிகளும் பேங்குகளும் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் எழுத்தில்தான் பெயர் வரும். ‘ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு மறுபடி திறக்கவும்’ என்று சில மெசேஜ் சொல்லும். தெரியாத எண்ணிலிருந்து வந்த மெசேஜுக்கு நாம் பதில் அனுப்பினால்தான் ஐபோன் அந்த லிங்கைத் திறக்க விடும், அதற்காகத்தான் அப்படிக் கேட்கிறார்கள்.

இதிலேயே வேறு வகையும் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பத்துக்கு, ஊரிலிருந்து வர வேண்டிய பேப்பர்களுக்காகக் காத்திருந்த நேரத்தில், டெலிவரி ஆள் என்று ஒருவன் போன் செய்திருக்கிறான். நட்சத்திரக் குறி, 401, மறுபடி நட்சத்திரம், பிறகு ஒரு மொபைல் எண் என்று அடிக்கச் சொன்னான். அதை அடித்தால் நமக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகும், ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்பு உள்பட. நல்லவேளை, அக்கா பக்கத்தில் இருந்து தடுத்துவிட்டார். ஏற்கெனவே அடித்துவிட்டால் ##002# அடித்து ரத்து செய்யுங்கள். ‘நீங்க ஆர்டர் பண்ணலையா, அப்போ கேன்சல் பண்ண ஓடிபி சொல்லுங்க’ என்று வாசலில் நின்று கேட்பவர்களும் உண்டு. பார்சலை டிராக் பண்ண என்று ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை நிறுவும் ஃபைல் வந்தால் திறக்கவே வேண்டாம்.

சந்தேகமான மெசேஜை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் புகார் செய்யலாம், பணம் போகாவிட்டாலும் செய்யலாம். எனக்கு வந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நிறுத்தி வைத்திருக்கும் 24,990 ரூபாய் இன்னும் என் கணக்குக்கு வரவில்லை. புகார் எண்ணை வைத்து வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும் எழுதுகிறேன்.