கேரியர் சென்டரா, சீனியரா, காசு கொடுத்து ஆலோசனையா?

வேலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் கல்லூரி மாணவருக்கு இன்று போக நாலு இடம் இருக்கிறது: வேலைக்கு வழிகாட்டும் கல்லூரியின் கேரியர் சென்டர், எந்த வேலையில் ஆர்வம் என்று காட்டும் இணையத் தேர்வுகள், கட்டணம் வாங்கும் ஆலோசகர், ஏற்கெனவே வேலையில் இருக்கும் சீனியர். எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்பது ஒரு கேள்வி. அந்த வேலைக்குள் எப்படி நுழைவது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு கேரியர் சென்டரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ரெஸ்யூமேயைத் திருத்துவது, மாக் இன்டர்வியூ எனும் ஒத்திகை நேர்காணல், இன்டர்ன்ஷிப் தகவல் எல்லாம் பெரும்பாலும் நீங்கள் கட்டிய கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 'கல்லூரி விழாவில் உதவினேன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், நல்ல கவுன்சலர் விடமாட்டார். எத்தனை பேர் வந்தார்கள், உங்கள் பொறுப்பு என்ன, என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் அந்த வரி 'விழாவுக்கு வந்த 300 பேரின் பதிவை, 5 பேர் குழுவை வைத்து நடத்தினேன்' என்று ஆகிவிடும். நடந்தது அதேதான், ஆனால் படிப்பவருக்கு இப்போது ஒரு ஆள் தெரிகிறார்.

குறையும் உண்டு. மாணவர்கள் அதிகம், கவுன்சலர்கள் குறைவு. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை வைத்தே பல மையங்களை மதிப்பிடுகிறார்கள். அதனால் மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பக்கமே கவனம் சாய்கிறது. ஆராய்ச்சிக்கோ கலைக்கோ சிறு நிறுவனத்துக்கோ போக நினைப்பவர் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். எனக்கு இதைவிட வருத்தம் தருவது, பலர் கடைசி வருடத்தில்தான் அங்கே எட்டிப்பார்க்கிறார்கள் என்பது. அந்த நேரத்தில் ரெஸ்யூமேயைத்தான் திருத்த முடியும், எடுக்காத பாடத்தையும் செய்யாத இன்டர்ன்ஷிப்பையும் யாராலும் சேர்க்க முடியாது. முதல் வருடமே போய்விடுங்கள்.

இணையத் தேர்வுகளில் பல, உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் வழியில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிப்பவை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ*நெட் தளத்தில் 60 கேள்விகள் கொண்ட அப்படி ஒரு தேர்வு இலவசமாகவே இருக்கிறது. அது காட்டுவது ஆர்வத்தை மட்டும்தான், திறமையை அல்ல. பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

கட்டண ஆலோசகர், கல்லூரியில் எந்த உதவியும் கிடைக்காதவருக்கும் துறையையே மாற்ற நினைப்பவருக்கும் பயன்படலாம். ஆனால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். சேர்க்கைக்காக எந்தக் கல்லூரியிடமாவது கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகவே கேளுங்கள்.

அப்புறம் சீனியர்கள். எனக்கு எது ஒத்துவரும் என்ற முதல் கேள்விக்கு நான் நம்புவது இவர்களைத்தான். நெருங்கிய நண்பர்களைவிட லேசான பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதினார். லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. அதுவும் ஓரளவு தளர்ந்த தொடர்புகளுக்கே கூடுதல் பலன் இருப்பதைக் கண்டது. அதனால் முகம் தெரியாத சீனியருக்கு எழுதத் தயங்க வேண்டாம். வேலை வாங்கித் தரச் சொல்லாமல், பேச இருபது நிமிடம் கேளுங்கள். நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள், இந்த வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்ற இரண்டு கேள்விக்கே நிறைய விஷயம் வெளியே வரும். ஒருவர் சொல்வது அவருடைய அனுபவம் மட்டுமே என்பதால் குறைந்தது மூன்று பேரிடமாவது பேச வேண்டும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இப்படிப் பழக்கமானவர்கள் இருக்கமாட்டார்கள், கேட்கவும் கூச்சமாக இருக்கும். அவர் கேரியர் சென்டரில் ரெஸ்யூமேயை நீட்டுவதற்கு முன், தன் துறையில் படித்து வெளியேறிய இரண்டு பேரைத் தொடர்புபடுத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம். அங்கே நடக்கவில்லை என்றால் துறைப் பேராசிரியரிடம் கேட்கலாம். பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.