பச்சை எழுத்தில் நூறு சதவீதம்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, உங்களிடம் இருக்கிற, போன் சோதிக்கும் அதே டெஸ்டர் இங்கே ஏலத்துக்கு வருகிறது. நீங்கள் கொடுத்த விலையில் பாதிகூட இல்லை. எடுத்துவிடட்டுமா?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

டர்பனில் எங்கள் போன் பழுதுபார்க்கும் பட்டறை மேசையில் 2021 முதல் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பழையதாகத்தான் வாங்கினோம். பெயர் சொல்லப் போவதில்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் மின்விசிறிச் சத்தத்தைச் சொன்னாலே போதும். 2ஜி, 3ஜி, 4ஜி மூன்றுக்கும் தானே கோபுரமாக நடிக்கும். 001-01 என்று தொடங்கும் சோதனை சிம்மைப் போட்டால் போன் அதை நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அலைவரிசைத் துல்லியத்திலோ சக்தி அளவீட்டிலோ இத்தனை நாளில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்ப்புக்கு, அனுப்பியபோதுகூட, பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லாமல்தான் திரும்பி வந்தது.

என் சண்டை முழுவதும் டேட்டா வேகம் வைக்கும் பக்கத்தோடுதான்.

இந்தப் பெட்டியில் "இத்தனை மெகாபிட்" என்று நேரடியாக வேகத்தைக் கேட்க முடியாது. அதில் தப்பில்லை. 4ஜியில் எத்தனை ரிசோர்ஸ் பிளாக் (அலைவரிசையின் துண்டுகள்), எந்த எம்சிஎஸ் (ஒரு துண்டில் எவ்வளவு பிட்டை அடைப்பது என்ற படி), எத்தனை ஆன்டெனா என்று நாம் சொன்னால் வேகம் தானாக வந்து நிற்கும். 20 மெகாஹெர்ட்ஸில் 100 பிளாக்கையும் கொடுத்து எம்சிஎஸ் 28 வைத்தால், ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் 75,376 பிட். அதாவது நொடிக்கு 75 மெகாபிட். இரண்டு ஆன்டெனாவில் இரண்டு ஸ்ட்ரீம், அதாவது இரண்டு தனித்தனி டேட்டா ஓட்டம், ஓட்டினால் 150. இப்படி நாமே வைத்துக்கொள்ளும் வழி ஒன்று. தர ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிற நிலையான சேனலை, அதாவது ஆர்எம்சியை, அப்படியே எடுத்துக்கொள்ளும் வழி இன்னொன்று.

பெட்டிக்கு இரண்டாவது வழிமேல் தீராத ஆசை. பேண்ட்வித்தை, அதாவது அலைவரிசை அகலத்தை, ஒருமுறை மாற்றித் திரும்ப வைத்தாலும் சரி, மின்சாரம் ஒருமுறை போய் வந்தாலும் சரி, நாம் பாடுபட்டு வைத்த அமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 10 மெகாஹெர்ட்ஸ், கியூபிஎஸ்கே (மெதுவான குறியீட்டு முறை), ஒற்றை ஆன்டெனா என்ற ஆர்எம்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்காது, எச்சரிக்காது. அந்தச் சேனலின் முழு வேகம் 3.953 மெகாபிட். ஒரு சட்டகத்தின் பத்துத் துணைச்சட்டகங்களில் 5 என்ற எண்ணுள்ளது சிஸ்டம் தகவலுக்குப் போய்விடும். மீதி ஒன்பதிலும் தலா 4,392 பிட். ரிசீவர் உணர்திறன் பார்ப்பதற்கென்று வகுத்த சேனல் அது; சிக்னலை அடிமட்டத்துக்கு இறக்கி, அனுப்பியதில் 95 சதவீதம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வேலைக்கு அது போதும்.

ஆனால் திரையைப் பாருங்கள். சதவீதம் கட்டைவிரல் உயரத்தில், பச்சை எழுத்தில். மெகாபிட் எண்ணோ மூலையில், சாம்பல் நிறத்தில், பஸ் டிக்கெட்டின் பின்பக்க விதிகளைப் போல. 3.953இல் முழுதும் வந்தாலும் "100". 150இல் முழுதும் வந்தாலும் அதே "100", அதே பச்சை.

2023 ஊரெல்லாம் மின்வெட்டில் கிடந்த ஆண்டு. எங்கள் யுபிஎஸ் கம்ப்யூட்டரையும் பில் மெஷினையும் தாங்கியது. இந்தப் பெட்டியை மாட்டினால் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும். சாட்ஸ்வர்த்தில் சில்வர்க்ளென்னிலிருந்து ஓர் ஆன்ட்டி திரை உடைந்த போனைக் கொண்டுவந்தார். திரையை மாற்றி, வெளி சிக்னல் நுழையாத கவசப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தேன். நூறு. கொடுத்தனுப்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தார். பெர்த்தில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசினால் மகள் முகம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். மறுபடி சோதித்தேன். மறுபடி நூறு. "உங்கள் பகுதியில் டவர் சரியில்லை, ஆன்ட்டி" என்று சொன்னேன். அவரும் நம்பினார்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் கோபப்படவில்லை. முறுக்கு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் நன்றாகப் பார், மகனே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையில் இருந்த சாம்பல் எண்ணைப் படித்தேன். 3.953. மின்வெட்டு முடிந்து வந்ததிலிருந்து எத்தனை போன்களை அப்படிப் "பாஸ்" போட்டு அனுப்பினேனோ, தெரியாது. இரண்டு ஸ்ட்ரீம் வைத்து ஓட்டியதும் முதல் ஸ்ட்ரீம் சுத்தமாகப் போனது, இரண்டாவதில் அநேகமாக எல்லாமே நாக், அதாவது "பிரிக்க முடியவில்லை" என்ற பதில். போனைத் திறந்தால், இரண்டாவது ஆன்டெனாவின் மெல்லிய கேபிள் தன் பொத்தான் மேல் படுத்திருந்தது, அழுந்தி உட்காரவில்லை. திரை மாற்றியபோது அழுத்தாமல் விட்டவன் நான்தான். அந்தத் தப்புக்குப் பெட்டி பொறுப்பல்ல. அதை இரண்டு முறை மூடி மறைத்ததற்குப் பெட்டிதான் பொறுப்பு.

அமைப்புகளைச் சேமித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். சேமிக்கலாம். ஆனால் சேமித்ததைத் திரும்ப எடுக்கும்போது வெளி இழப்பு எண்ணையும், அதாவது டெஸ்டருக்கும் போனுக்கும் இடையே கரையும் சிக்னலின் அளவையும், சேர்த்துப் பழையதாக்கிவிடும். கவசப் பெட்டிக்குள் போன் வைக்கும் இடத்தை இரண்டு விரல் அகலம் நகர்த்தினாலே இழப்பு மாறுகிறவர்களுக்கு அது உதவியா, உபத்திரவமா?

இன்னொன்று. கையால் அமைக்கும் வழிக்குத் திரும்பினாலும் சிஎஃப்ஐ, அதாவது கட்டுப்பாட்டுச் செய்திக்கு ஒதுக்கும் சிம்பல்களின் (நேரத் துண்டுகளின்) எண்ணிக்கை, 3 என்றே நின்றுவிடும். 20 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎஃப்ஐ 1 என்றால் ஒரு மில்லி விநாடியில் ஒரு ஸ்ட்ரீமுக்கு சுமார் 86,400 பிட்டுக்கு இடம் இருக்கும். அதில் 75,376 தாராளமாக அடங்கும். 3 என்றால் இடமே 72,000தான். கொள்ளாத மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டு, போன் வாங்கவில்லை என்று குற்றம் சொல்கிறது. 2 வைத்தாலும் 79,200. மூட்டை நுழையும், ஆனால் பிழை திருத்தும் பிட்டுகளுக்கு இடம் போதாது. அந்த அளவுக்கு நெருக்கினால் போன் அதைப் பிரித்துப் பார்க்காமலே விட்டுவிடத் தர ஆவணமே அனுமதிக்கிறது. நல்ல போன்கள் மூன்றைக் கெட்ட போன் என்று ஒதுக்கி வைத்த பிறகுதான் இதைப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கையேட்டில் ஒரு வரி இல்லை. விற்றவரைக் கேட்டதற்கு, புதிய மென்பொருளில் சரிசெய்துவிட்டார்கள், அதற்கு உரிமம் தனி என்றார்.

இத்தனை திட்டியும் ஏன் விற்கவில்லை என்று தம்பி கேட்பான். காரணம் இருக்கிறது.

தோல்வியை அது பிரித்துச் சொல்லும் விதம். ஆக், நாக், டிடிஎக்ஸ் மூன்றையும் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனித்தனியாக எண்ணிக் காட்டும். ஆக் என்றால் மூட்டை சரியாக வந்து சேர்ந்தது. நாக் என்றால் போனுக்கு அழைப்பு கேட்டது, மூட்டையைப் பிரிக்க முடியவில்லை. டிடிஎக்ஸ் என்றால் அழைப்பே கேட்கவில்லை. பட்டறையில் இந்த வித்தியாசம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அதைவிட இன்னொரு பக்கம். வேகத்தை நாம் வைக்காமல், போன் சொல்லும் சிக்யூஐயின்படி, அதாவது சிக்னல் தர மதிப்பெண்ணின்படி, பெட்டியையே எம்சிஎஸ்ஸை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். இதை ஓர் ஆண்டுக்கு மேல் தொட்டே பார்க்கவில்லை. ஒருநாள் விட்டுவிட்டு வேகம் குறையும் போன் ஒன்றை, கவசப் பெட்டியின் கதவைத் திறந்தபடியே இதில் ஓட்டினேன். முறையற்ற வேலைதான். சிக்யூஐ 9 என்றது. பின்மூடியின் மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், 13. விரலை எடுத்தேன், 9. அழுத்தினேன்; 13. வைத்தியர் வயிற்றை அமுக்கி "இங்கே வலிக்கிறதா" என்று கேட்பதுபோல இருந்தது. ஆன்டெனாவைத் தொடும் ஸ்பிரிங் வளைந்திருந்தது. ஊசியால் நிமிர்த்தினேன், ஐந்து நிமிடம். அன்று கடையில் யாரும் இல்லாததால் யாரிடமும் காட்ட முடியவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது பெட்டியின் நெற்றியில் தமிழில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். "மின்சாரம் போய் வந்ததா? 1. கையால் அமைக்கும் வழி. 2. 20, 100, 28. 3. சிஎஃப்ஐ 1. 4. ஆன்டெனா இரண்டு. 5. மூலையில் உள்ள எண்ணைப் படி." கடை உரிமையாளர் அங்கிள் சிறுவயதில் கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர், காலையில் கடை திறந்ததும் எழுத்துக் கூட்டி அதை உரக்கப் படிப்பார். "மூலையில் உள்ள எண்ணைப் படி" வரும்போது மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டு பெருமளவு ஓய்ந்துவிட்டது. காகிதத்தை எடுக்க அவர் விடவில்லை.

தம்பி, உனக்குப் பதில்: வாங்காதே. நேற்றுகூட பேண்ட்வித்தை மாற்றிவிட்டு மறந்து, அரை மணி நேரம் வீணாக்கினேன். அந்தக் கோபத்தில் சொல்கிறேன்.

கேட்கமாட்டாய் என்று தெரியும். அப்படியானால் ஏலத்துக்குப் போகும்போது மூன்றைப் பார். ஆப்ஷன் பட்டியலில் இரண்டு ஆன்டெனாவுக்கான உரிமம் இருக்கிறதா என்று திரையிலேயே திறந்து பார். மெனுவில் பெயர் இருப்பதை மட்டும் நம்பாதே, உரிமம் இல்லாவிட்டாலும் பெயர் மங்கலாகத் தெரியும். முன்பக்க கனெக்டர்களின் நடு ஊசி தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். பிறகு பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டி, அது எங்கே போய் உட்காருகிறது என்று பார். என்னுடையதைப் போல 3.953இல் உட்காராமல், வைத்த இடத்திலேயே நின்றால், மென்பொருள் புதியது. உடனே என்னைக் கூப்பிடு. அங்கிளிடம் பக்கியை, அந்தச் சின்ன சரக்கு வண்டியை, வாங்கிக்கொண்டு நானே வருகிறேன். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.