ஸ்விட்ச்சுக்கு கேம் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க: என் 5,200 ரூபாய் போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். வெளிநாட்டுல இருந்து கேம் இறக்கி விக்கிற ஒரு கடையில, நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு (கையில வச்சும் டிவியில மாட்டியும் ஆடுற கேம் மெஷின்) ஒரு பெரிய ஓபன் வேர்ல்ட் கேம், அதாவது இஷ்டத்துக்கு ஊர் சுத்தி ஆடுற கேம் வாங்கினேன். 5,200 ரூபாய். கடை பேரும் கேம் பேரும் இப்போதைக்கு வேண்டாம்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, ரூம்ல டிவி இல்ல, கையில வச்சுதான் ஆடுவேன். நல்லா ஓடுமா?"

"பிஎஸ்4ல (சோனியோட பிளேஸ்டேஷன் 4) எப்படியோ அப்படியே ஓடும் தம்பி. நானே ஆடி முடிச்சிட்டேன்." கடைக்காரர் இப்படிச் சொல்லிட்டு, டாக்ல (ஸ்விட்ச்சை டிவியோட இணைக்கிற ஸ்டாண்ட்) இருந்த ஸ்விட்ச்ல போட்டு பெரிய டிவியில காட்டினார். கோட்டைக்குள்ள ஒருத்தன் நடந்து போற இடம். துளி திணறல் இல்ல. டீ வேற வரவழைச்சுக் கொடுத்தார். "நானே முடிச்சிட்டேன்"னு ஒரு ஆள் முகத்தைப் பார்த்துச் சொன்னா நம்பாம என்ன செய்வோம்? அங்கேயே ஜிபே பண்ணேன்.

ரூமுக்கு வந்து கார்ட்ரிட்ஜைச் சொருகினா, மீதி கேமை டவுன்லோட் பண்ணச் சொல்லுது. சந்தேகம் வந்து பெட்டியில இருந்த விலை ஸ்டிக்கரை நகத்தால உரிச்சேன். அடியில, டவுன்லோட் கட்டாயம்னு அச்சடிச்ச பட்டை! அதை அளவெடுத்து மறைச்ச மாதிரி ஒட்டியிருக்காங்க.

ராத்திரி முழுக்க இறக்கி ஆடினா, கோட்டையை விட்டு ஊருக்குள்ள வந்ததும் படம் திக்கித் திக்கி நகருது. எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு மூக்கே ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் வருது. வசன எழுத்து மங்கல்.

சின்ன மெஷின்ல பெரிய கேம் ஓடணும்னா எதையாவது வெட்டித்தான் ஆகணும், அதுல எனக்கு வருத்தமில்ல. பிஎஸ்4ல 8 ஜிபி மெமரி, இதுல 4. டூம்ங்கிற கேம் மத்த கன்சோல்ல செகண்டுக்கு 60 ஃப்ரேம் (படம்), 2017ல ஸ்விட்ச்சுக்கு வந்தப்ப 30. விட்சர் 3 கேமைக் கையில வச்சு ஆடினா படத்தோட தெளிவு 540பிதான்னு 2019ல அதைச் செஞ்சவங்களே வெளிப்படையா சொன்னாங்க. தெரிஞ்சு வாங்கினோம், ரசிச்சு ஆடினோம்.

இந்தக் கடைக்காரர் செஞ்சது வேற. டாக்ல இருக்கும்போது கிராபிக்ஸ் சிப் 768 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். கையில எடுத்தா, பேட்டரியும் சூடும் தாங்கணுமேன்னு 307ல இருந்து 460க்குள்ள இறங்கிடும். கையில ஆடுறேன்னு சொன்னவனுக்கு டாக்ல போட்டுக் காட்டினார். அதுவும் சுவருக்குள்ள அடங்குற, சிப்புக்கு வேலை கம்மியான இடமாப் பார்த்து.

போன் பண்ணா "அப்டேட் போடுங்க தம்பி". போட்டாச்சு. அடுத்து "உங்க ஸ்விட்ச் பழசு". நேர்ல போனா "சீல் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது". ஸ்டிக்கர் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. பாதி விலைக்காவது எடுத்துக்கச் சொன்னேன், "பழைய கேம் நாங்க எடுக்கறதில்ல"ங்கறார். கடை வாசல்லயே பழைய கேம் வாங்கப்படும்னு போர்டு! 5,200 ரூபாய்ங்க. என் ஒரு மாச மெஸ் பில்லை விட அதிகம்.

வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்றேன். கடையில டாக்ல இருந்து கழட்டச் சொல்லி, கூட்டம், மழை, சண்டை இருக்கிற இடத்தை உங்க கையில ஆடிப் பாருங்க. ஸ்டிக்கரை உரிச்சுப் பாருங்க. கேம் பேரோட கிளவுட்னு இருந்தா கேம் உங்க மெஷின்ல ஓடாது, நெட்ல இருந்துதான் வரும், நெட் சுமாரா இருக்கறவங்க தொடாதீங்க. பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. நான் பில்லையும் போட்டோவையும் வச்சு 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுத்திருக்கேன்.