ரைசன் 5 1600: ஒரே பெயர், இரண்டு சிப்

திருகோணமலையில் பாவித்த ரைசன் 5 1600 (ஏஎம்டியின் கணினிச் செயலி) ஒன்றுக்கு விலை பேசுகிறீர்களா? முதலில் சிப்பின் மேலுள்ள கூலரைக் (சூடு தணிக்கும் விசிறி) கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிப்பின் மூடியிலுள்ள குறியீடு ஏஇ என்று முடிந்தால் 2017இன் 14 நானோமீற்றர் சிப் (உற்பத்தி நுட்பத்தின் அளவு, சிறியதே புதியது). ஏஎஃப் என்று முடிந்தால் 12 நானோமீற்றர். உண்மையில் வேகம் குறைத்த ரைசன் 5 2600தான், அதாவது அடுத்த தலைமுறைச் சிப். பெட்டியை நம்ப வேண்டாம், பெட்டி மாறும்.

இரண்டும் 6 கோர், 65 வாட், 3.2 முதல் 3.6 கிகாஹேர்ட்ஸ். ஆனால் இரண்டு கோருக்கு மேல் சுமை ஏறினால் ஏஇ 3.4க்கு இறங்கிவிடும், ஏஎஃப் சூடு இடம்தரும்வரை வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். 3200 வேக ராமோடும் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. விலை கொஞ்சம் கூடினாலும் ஏஎஃப்தான் என் தேர்வு.

பழைய பி350 மதர்போர்ட் என்றால் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) முன்கூட்டியே புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் ஏஎஃப் போட்டதும் திரை வராது. லினக்ஸில் நிரல்களைக் கொம்பைல் செய்பவர்கள் 2017 நடுப்பகுதிக்கு முந்திய ஏஇயைத் தொடவே வேண்டாம், இடையில் செக்ஃபோல்ட் (நினைவக அணுகல் பிழை) அடித்து நிற்கும்.

கூலரைக் கழற்றுமுன் கணினியைச் சற்றுநேரம் ஓடவிட்டு நிறுத்தி, மெதுவாகத் திருகி எடுங்கள். நேரே இழுத்தால் இடையில் பூசிய, காய்ந்த வெப்பப் பேஸ்ட் சிப்பையும் சொக்கெற்றிலிருந்து பிடுங்கி, பின்களை வளைத்துவிடும். ஏஎஃப்போடு வரும் ஸ்டெல்த் கூலர் சிறியது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரைச்சல் கேட்கும்.