இமை முடிக்கு எந்த சீரம்?
தி.நகர் கடைகளில் வாங்கும் பெப்டைட் (புரதத்தின் சிறு துண்டுகள்) சீரம், இருக்கிற முடி உலர்ந்து உடையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பைமேட்டோபிராஸ்ட் 0.03% வேறு ரகம். கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாக வந்தது, 2008-ல் அமெரிக்காவில் இமை முடிக்கும் அனுமதி பெற்றது. முடி நிஜமாகவே நீளும். முழுப் பலனுக்கு 16 வாரம் ஆகலாம், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். கண் சிவக்கலாம், இமைத் தோல் கறுக்கலாம், கண்ணைச் சுற்றிக் குழி விழலாம்.

இந்த மருந்தை இரவில் முகம் கழுவி, லென்ஸைக் கழற்றிவிட்டு, மேல் இமை ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவணும். வழிந்ததை உடனே ஒற்றி எடுங்க; அடிக்கடி கன்னத்தில் பட்டால் அங்கேயும் முடி வளரலாம்.

என் ஓட்டு பெப்டைடுக்கே. ஆனால் லேபிளில் 'குளோப்ரோஸ்டினேட்' இருந்தால் அதுவும் மருந்தின் உறவுதான், வாங்காதீங்க. மருந்துதான் வேணும்னா, முதலில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலாவது காட்டிடுங்க.